ஏஞ்சல் பார்க்காமல் விட்ட ஐம்பது வினாடி

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் போகும் சந்தில், பூக்கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவே ஏஞ்சல் கம்ப்யூட்டர்ஸ் இருக்கிறது. பெயர்ப்பலகை பெரியது, கடை சிறியது. உள்ளே நான்கு பேர் நின்றுவிட்டால் ஐந்தாவது ஆள் சந்தில் நின்றபடிதான் தன் ஆதார் நம்பரைக் கத்தவேண்டும். ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, பட்டாவுக்கு எழுதிப் போடுவது, பிள்ளைகளின் பரீட்சை முடிவைப் பார்த்துச் சொல்லி அவர்கள் அழுவதற்கு ஸ்டூல் எடுத்துப் போடுவது என்று ஏஞ்சலுக்கு நாள் முழுக்க வேலை. ஆனால் அவள் பெயர் எடுத்தது இதற்கெல்லாம் இல்லை. டிஸ்க் போடுவதற்குத்தான்.

இந்தக் காலத்தில் யார் டிஸ்க் போடுகிறார்கள் என்று கேட்பவர்கள் கோர்ட்டுப் பக்கமே போகாத பாக்கியசாலிகள். செல்போனில் எடுத்ததோ கேமராவில் பதிந்ததோ, எதுவானாலும் டிஸ்கில் எழுதி, உறையில் போட்டு, கூடவே இது மாற்றப்படாத நகல் என்று ஒரு சான்றிதழும் வைத்துக் கொடுப்பதுதான் இந்தப் பக்கத்து வக்கீல்களின் வழக்கம். கறுப்புக் கோட்டு ஒன்று சந்துக்குள் நுழைந்தால் அது ஏஞ்சலைத் தேடித்தான் என்று பூக்கடைக்காரம்மாவுக்குக்கூடத் தெரியும்.

ஏஞ்சல் போட்ட டிஸ்க் திறக்கவில்லை என்று ஒருவரும் திரும்பி வந்ததில்லை. மற்ற கடைகளில் டிஸ்கை எழுதி முடித்துத் தட்டு வெளியே வந்ததும் எடுத்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். ஏஞ்சல் கொடுக்கமாட்டாள். டிஸ்கில் போகவேண்டியதை எல்லாம் முதலில் ஒரே மூட்டையாகக் கட்டி ஒரு கோப்பாக்குவாள். அதற்கு இமேஜ் என்று பெயர். அந்த இமேஜிலிருந்துதான் டிஸ்கை எழுதுவாள். எழுதியபின் டிஸ்கைத் திரும்ப உள்ளே தள்ளி வெரிஃபை போடுவாள். கம்ப்யூட்டர் டிஸ்கைத் தலையிலிருந்து வால்வரை படித்து, இமேஜோடு ஒத்துப்பார்க்கும். எழுத ஆன நேரம் இதற்கும் ஆகும். வக்கீல்கள் வாட்சைப் பார்ப்பார்கள், உச்சுக்கொட்டுவார்கள், டீ குடித்துவிட்டு வருவார்கள். பச்சை டிக் விழாமல் அவள் டிஸ்கைத் தொடவே மாட்டாள்.

இந்தப் பிடிவாதம் சும்மா வந்ததில்லை. கல்யாணத்துக்கு முன்னால் காஞ்சிபுரத்தில் ஒரு ஸ்டுடியோவில் வேலை செய்தபோது, ஒரு கல்யாண வீடியோவை ஒத்துப்பார்க்காமல் கொடுத்துவிட்டாள். தாலி கட்டும் இடத்தில் மட்டும் படம் கறுப்பு. முதலாளி சிரித்து மழுப்பினார். பெண்ணின் அம்மா சிரிக்கவில்லை, வாசலில் நின்று அழுதாள். ஏஞ்சலுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பிறத்தியார் வயலில் நாற்று நட்டு அவளைப் படிக்கவைத்த குடும்பத்துப் பெண் அவள். செய்த வேலையில் குறை சொன்னால் அவளுக்கு உடம்பெல்லாம் எரியும்.

அவளுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. இமேஜ் எடுத்து, டிஸ்க் எழுதி, ஒத்துப்பார்த்து முடித்ததும், கம்ப்யூட்டரில் தனியாக இருக்கும் வீடியோவை அழித்துவிடுவாள். ஒரே சங்கதிக்கு இரண்டு ஒரிஜினல் இருந்தால் எது ஒரிஜினல் என்று வக்கீல்கள் அடித்துக்கொள்வார்கள், இமேஜ் ஒன்றே ஒரிஜினலாக இருக்கட்டும் என்பது அவள் கட்சி. நல்ல பழக்கம்தான். பின்னால் நடந்தது நடக்காமல் இருந்திருந்தால் நானும் பாராட்டித்தான் எழுதியிருப்பேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கனகா கடைக்கு வந்தாள். புருஷன் கலைச்செல்வன் செத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. சாலவாக்கம் போகும் ரோட்டில், வேதகிரியின் உரக்கடையிலிருந்து சாமான் வாங்கிக்கொண்டு நடந்தவரை கல் உடைக்கும் கிரஷரிலிருந்து எம்-சாண்ட் ஏற்றிவந்த லாரி ஒன்று அடித்துப் போட்டுவிட்டுப் போயிருந்தது. ஆனால் போலீஸ் எழுதிய முதல் காகிதத்திலேயே 'குடிபோதையில் தடுமாறி விழுந்து இறந்தார்' என்று வந்துவிட்டது. யார் சொல்லி அப்படி எழுதினார்கள் என்று தெரியவில்லை. உடம்பில் சாராயம் இருந்ததா என்று பரிசோதிக்க ஒன்றும் அனுப்பவும் இல்லை. ஊர் அதை அப்படியே நம்பியது. நம்புவதற்குக் காரணமும் இருந்தது, கலைச்செல்வன் பதினைந்து வருஷம் குடித்தவர்.

அவர் குடியை விட்டு மூன்று வருஷம் ஆகிறது என்பது கனகாவுக்குத் தெரியும். விட்ட முதல் மாதம் அவர் கை நடுங்கிச் சோற்றைச் சிந்தியது, கனகா ஊட்டிவிட்டது, திருவிழா நாளில் கூட்டாளிகள் வந்து கூப்பிட்டபோது அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டது எல்லாம் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் வாழ்க்கையில் அவள் ஜெயித்தது அது ஒன்றுதான். அதையும் ஒரு காகிதத்தில் நான்கு வார்த்தை எழுதிப் பிடுங்கிவிட்டார்கள். அவளுக்கு நஷ்டஈடு பேச்சே காதில் ஏறவில்லை. அவர் குடிக்கவில்லை என்று கோர்ட்டில் நாலு பேர் முன்னால் சொல்லவேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

வேதகிரியின் உரக்கடை வாசலில் கேமரா இருந்தது. வேதகிரி அந்தப் பதிவைப் பார்த்துவிட்டு, மனசு கேட்காமல், பென் டிரைவில் போட்டுக் கனகாவிடம் கொடுத்தார். "எல்லாம் கீது. லாரி, நம்பரு, எல்லாம். வக்கீலாண்ட குடு. டிரைவ மட்டும் திருப்பிக் குடுத்துடு" என்றார். வக்கீல் மோகன்குமார், வேதகிரி வாயால் சொன்ன நம்பரை வைத்து லாரி டிரைவர் மேல் கனகா பேரில் நேராகக் கோர்ட்டிலேயே தனிப்புகார் போடுவதாகச் சொல்லி, மூன்று டிஸ்கும் சான்றிதழும் வாங்கி வரச்சொல்லி ஏஞ்சலிடம் அனுப்பினார்.

ஏஞ்சல் பென் டிரைவைச் செருகி, வீடியோவைக் கம்ப்யூட்டருக்குக் காப்பி போட்டாள். பழைய டிரைவ், பெரிய கோப்பு. பச்சைக் கோடு மெல்ல ஊர்ந்தது. கனகா சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்தாள். ஏஞ்சல் சர்ச்சுக்குப் போகிறவள், அவளுக்கு ராகுகாலமும் இல்லை எமகண்டமும் இல்லை. ஆனால் நேரம் பார்க்காமல் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடாத ஊரில் கடை வைத்தவள் என்பதால் நாள்காட்டி ஒன்றை மாட்டி, தினமும் தாளைத் தானே கிழிப்பாள்.

"ஏஞ்சலு, பத்தரைக்கு ராவுகாலம் பொறக்குது. அதுக்குள்ள ஆரம்பிச்சிடும்மா" என்றாள் கனகா.

"காப்பி ஆயிக்கினு கீதுக்கா. இன்னும் கொஞ்சம்தான்."

"ஆரம்பிச்சா போதும். முடியறது எப்ப முடிஞ்சா இன்னா? அவரு சமாச்சாரத்துல இதுவரைக்கும் ஒண்ணுகூட நல்ல நேரத்துல நடக்கல. இதாவது நடக்கட்டும்."

மணி பத்து இருபத்தெட்டு. கனகாவின் கழுத்தில் மஞ்சள் கயிறு இருந்த இடம் வெளுத்துக் கிடந்தது. ஏஞ்சலுக்கு அதைப் பார்க்க முடியவில்லை. கம்ப்யூட்டரில் கோப்பின் பெயர் வந்துவிட்டிருந்தது, அளவும் முழுசாகக் காட்டியது. பச்சைக் கோட்டில் ஒரு விரல் அகலம்தான் பாக்கி. சரி, நாம் இமேஜ் எடுக்க ஆரம்பிப்பதற்குள் அது முடிந்துவிடும் என்று நினைத்து, பத்து இருபத்தொன்பதுக்குப் பொத்தானை அழுத்தினாள். கனகா கையெடுத்துக் கும்பிட்டாள்.

அங்கேதான் கெட்டது. காப்பி போடும்போது கம்ப்யூட்டர் முதலிலேயே முழு அளவுக்கும் இடத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், சரக்கு பின்னால்தான் வந்து நிரம்பும். பென் டிரைவிலிருந்து சரக்கு வந்தது மாட்டுவண்டி வேகத்தில். இமேஜ் எடுக்கும் வேலை ஓடியது பஸ் வேகத்தில். பஸ் பின்னால் கிளம்பி வண்டியை முந்திக்கொண்டு போய், இன்னும் நிரம்பாத வெற்றிடத்தை அப்படியே வாரி மூட்டையில் கட்டிவிட்டது. மூட்டையின் அளவு சரி. உள்ளே கடைசியில் ஒன்றும் இல்லை.

ஏஞ்சல் மூன்று டிஸ்க் எழுதினாள். மூன்றையும் ஒத்துப்பார்த்தாள். மூன்றுக்கும் பச்சை டிக். அந்தக் காலி இடம்கூட டிஸ்கில் இம்மி பிசகாமல் காலியாகவே இருந்தது, அதில் குறை சொல்ல முடியாது.

"கொஞ்சம் ஓட்டிப் பாக்கறியாக்கா?" என்று கேட்டாள், கேட்கவேண்டுமே என்பதற்காக.

கனகா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "வேணாம்மா. அத நான் எப்படிப் பாப்பேன்?"

ஏஞ்சலுக்கு அப்பாடா என்றிருந்தது. அவளுக்கும் பார்க்கத் தெம்பில்லை. ஒரு மனுஷன் சாவதை மத்தியானச் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து யார் பார்ப்பார்கள்? முதல் பத்து வினாடியை மட்டும் ஓடவிட்டாள். ரோடு தெரிந்தது, ஓர் ஆடு தெரிந்தது, மூலையில் தேதியும் நேரமும் தெரிந்தன. மூடிவிட்டாள். இமேஜிலிருந்து கணக்கிட்டு வரும் அறுபத்துநாலு எழுத்து கொண்ட அடையாள எண்ணைச் சான்றிதழில் ஏற்றினாள். மூட்டைக்குள் ஒரு நெல்மணி மாறினாலும் அந்த எண் தலைகீழாக மாறிவிடும், அதனால் கோர்ட்டுக்கு அந்த எண் மேல் அவ்வளவு நம்பிக்கை. கீழே தன் பெயரைக் கையெழுத்திட்டாள். தனி வீடியோவை அழித்தாள். பென் டிரைவைக் கனகாவிடம் கொடுத்தாள். சாயங்காலம் அது வேதகிரியிடம் போய்ச் சேர்ந்தது.

அதன்பிறகு அந்த டிஸ்கை யாரும் பார்க்கவில்லை. மோகன்குமார் சான்றிதழைப் பார்த்தார், எண்ணைப் பார்த்தார், திருப்தியாக ஃபைலில் வைத்தார். கோர்ட்டில் அலமாரிக்குள் வைத்தார்கள். வாய்தா, மறு வாய்தா, ஜட்ஜ் லீவு, வக்கீல்கள் புறக்கணிப்பு என்று பதினாலு மாதம் போனது.

பதினாலாம் மாதம் மோகன்குமார் போன் செய்தார். "ஏஞ்சல்மா, வர்ற மாசம் உன்ன சாட்சிக்குக் கூப்புடறாங்க. டிஸ்க நீதான் போட்டேன்னு சொல்லணும், அவ்ளோதான். கோர்ட்டுல அத ஓட்டிக் காட்டுவாங்க. லாரி எத்தினியாவது நிமிஷத்துல வருதுன்னு பாத்துக் குறிச்சு வெச்சுக்கோ."

தப்பிக்க வழியில்லை. கடையில் ஆள் இல்லாத ஒரு பகல் பொழுதில் கதவைப் பாதி சாத்திவிட்டு, ஜெபம் பண்ணிவிட்டு, இமேஜைத் திறந்துகொண்டு உட்கார்ந்தாள். இருபத்திரண்டு நிமிஷத்து வீடியோ. ஆடு போனது. ஷேர் ஆட்டோ போனது. ஒரு நாய் ரோட்டுக்கு நடுவே படுத்து, எழுந்து, மறுபடியும் படுத்தது. இருபத்தோராம் நிமிஷத்தில் கலைச்செல்வன் உரக்கடையிலிருந்து வந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார், தோளில் ஒரு சின்ன மூட்டை. ரோட்டோரமாக நடந்தார். எதிரே ஒரு மாடு வந்தது. ஒதுங்கி மண்ணில் இறங்கி நின்று, மாடு போனதும் மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டு, திரும்ப நடந்தார். ஏஞ்சல் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். லாரி வரப்போகிறது என்று காத்திருந்தாள்.

படம் நின்றது. கலைச்செல்வன் ஒரு காலை முன்னால் வைத்தபடி அப்படியே நின்றார். திரைக்குக் கீழே பிளேயரின் நேரம் மட்டும் ஓடியது, ஐம்பது வினாடி. பிறகு முடிந்துவிட்டது.

கம்ப்யூட்டர் மாற்றி ஓட்டினாள். புதிதாக ஒரு டிஸ்க் எழுதி ஓட்டினாள். இமேஜை மறுபடி திறந்து ஓட்டினாள். எல்லாம் ஒரே இடத்தில் நின்றன. வெரிஃபை போட்டாள், பச்சை டிக் விழுந்தது. அப்போதுதான் அந்த வெள்ளிக்கிழமை அவளுக்கு ஞாபகம் வந்தது. பச்சைக் கோட்டில் பாக்கி இருந்த ஒரு விரல் அகலம் ஞாபகம் வந்தது.

அழித்த வீடியோவை மீட்க முடியுமா என்று மூன்று நாள் பார்த்தாள். பதினாலு மாதத்து ரேஷன் கார்டும் சாதிச் சான்றிதழும் அந்த இடத்தில் ஏறி உட்கார்ந்திருந்தன. காஞ்சிபுரத்தில் தெரிந்த ஆளிடம் ஹார்டு டிஸ்கைக் கொண்டுபோனாள். அவன் அரைநாள் பார்த்துவிட்டுக் கையை விரித்தான். கடைசியில் புருஷன் டேனியலின் ஆட்டோவில் வேதகிரியின் உரக்கடைக்குப் போனாள்.

வேதகிரி பென் டிரைவை எடுத்துக்காட்டினார். அதில் அம்மன் பாட்டு நூற்று எண்பது இருந்தது. கேமரா பதிவு இருபது நாளைக்குமேல் நிற்காது, தானாக அழிந்துவிடும்.

"அண்ணா, நீங்க அன்னிக்கி முழுசா பாத்தீங்க இல்ல? லாரி நம்பரு கீதுன்னு கனகாக்காவாண்ட சொன்னீங்களாமே. கோர்ட்டுல வந்து அத ஒரு வார்த்த சொல்லுங்கண்ணா."

வேதகிரி உர மூட்டையின் மேல் கிடந்த தூசியைத் தட்டினார். "நான் பாத்தேன்னு யாரு சொன்னது? கேட்டாங்க, குடுத்தேன். என் மருமவன் அந்த லாரி ஓடற கிரஷர்லதாம்மா சூப்பர்வைசரு. பொண்ணு வாயில நான் மண்ணப் போட முடியுமா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் கெட்டவன் இல்லம்மா" என்றார். கெட்டவர் இல்லைதான். பென் டிரைவ் கொடுத்த ஒரே ஆள் அவர்தான் என்பதை நினைத்துக்கொண்டு ஏஞ்சல் ஆட்டோவில் ஏறினாள்.

மோகன்குமார் விஷயத்தைக் கேட்டதும் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். அவர் திட்டியிருந்தால் ஏஞ்சலுக்கு நன்றாக இருந்திருக்கும். "நானும்தான் பாக்கல" என்றார். "எண் சரியா கீதேன்னு உட்டுட்டேன். சரி, உடு. கூண்டுல ஏறினா கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. நீயா ஒண்ணும் வாயத் தொறக்காத."

கனகாவிடம் சொல்லவேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து அவள் ஊருக்கே போனாள். கனகா களத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, ஆய்ந்துகொண்டிருந்தாள். ஏஞ்சலைப் பார்த்ததும் எழுந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "உன்னத்தாம்மா நெனச்சிக்கினு இருந்தேன். வக்கீல் ஐயா சொன்னாரு, நீதான் இப்ப முக்கியமாமே. மூணு வாட்டி ஒத்துப் பாத்து எயுதினவ ஆச்சே நீ" என்று சொல்லி, மடி நிறைய பச்சை மல்லாட்டையை அள்ளிப் பையில் போட்டாள். ஏஞ்சல் வந்த விஷயத்தைச் சொல்லாமலே பையை வாங்கிக்கொண்டாள். மல்லாட்டையோடு வீட்டுக்கு வந்தாள். டேனியலும் பிள்ளைகளும் அவித்துத் தின்றார்கள். அவள் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

சாட்சி நாளன்று கனகா முன்வரிசை பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். ஊரிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். கலைச்செல்வனைக் குடிகாரன் என்று சொன்னவர்கள்தான் அதில் பாதி. கோர்ட்டில் ஒரு சின்ன டி.வி.யை வைத்து டிஸ்கை ஓட்டினார்கள். ஜன்னல் வெளிச்சம் அதில் விழுந்து பாதிப் படம் தெரியவில்லை. தூரத்தில் ஓர் ஆள் உருவம் வந்தது, மாட்டுக்கு ஒதுங்கியது, நின்றுவிட்டது. இன்னும் ஏதோ வரும் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐம்பது வினாடி அவ்வளவு நீளமாக இருக்கும் என்று ஏஞ்சலுக்கு அதுவரை தெரியாது.

டிரைவர் தரப்பு வக்கீல் சசிரேகா. குரலை உயர்த்தாதவர். "இந்த டிஸ்கும் உங்களிடம் உள்ள இமேஜும் பொருந்துகிறதா?" என்று கேட்டார்.

"பொருந்துகிறது."

"சான்றிதழில் உள்ள எண்?"

"பொருந்துகிறது."

"இதில் லாரி இருக்கிறதா?"

"இல்லை." மோகன்குமார் அவளையே பார்த்தார். அவள் அவரைப் பார்க்காமல், "ஒரிஜினல்ல இருந்துதுங்க. காப்பி ஆகறதுக்குள்ள நான் இமேஜ் எடுத்துட்டேன். என் தப்புதாங்க. கடைசி ஐம்பது செகண்டு என்னாலதான் போச்சு" என்று மடமடவென்று கொட்டிவிட்டாள். கொட்டி முடித்ததும் பதினைந்து நாளாக நெஞ்சில் கிடந்த பாறை இறங்கியதுபோல் இருந்தது.

சசிரேகா அவளைக் கொஞ்சம் இரக்கமாகவே பார்த்தார். "அந்த ஒரிஜினலில் லாரியை நீங்கள் பார்த்தீர்களா?"

ஏஞ்சல் திரும்பி டி.வி.யைப் பார்த்தாள்.

"கேள்வி புரிந்ததா? கடைசிவரை ஓட்டிப் பார்த்தீர்களா?"

"இல்லை."

"வேறு யாராவது பார்த்ததாக இந்தக் கோர்ட்டில் சொல்லியிருக்கிறார்களா?"

"இல்லை."

"பார்க்காத லாரி இருந்தது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் உட்கார்ந்துவிட்டார். ஜட்ஜ் குனிந்து எழுதினார். மோகன்குமார் எழுந்து மறு விசாரணை இல்லை என்றார். ஏஞ்சல் கூண்டிலிருந்து இறங்கினாள். எல்லாம் ஏழெட்டு நிமிஷம்.

இரண்டு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. குற்றம் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை, டிரைவர் விடுதலை. கலைச்செல்வன் எப்படிச் செத்தார் என்று அதில் எங்கேயும் இல்லை. ஆகவே போலீஸ் காகிதத்தில் இருந்த நான்கு வார்த்தையும் இருந்த இடத்திலேயே இருந்தது. கோர்ட்டே சொல்லிவிட்டது, குடித்துவிட்டுத்தான் விழுந்தானாம் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். கோர்ட் அப்படிச் சொல்லவில்லை என்று யாருக்கு யார் போய்ப் படித்துக்காட்டுவது?

ஏஞ்சல் டிஸ்க் போடுவதை நிறுத்திவிட்டாள். எழுதும் டிரைவைக் கழற்றி ஒரு டப்பாவில் போட்டாள். வக்கீல்கள் வந்தால் ரிப்பேர் என்றாள். ஆனால் அந்த இமேஜை மட்டும் அழிக்கவில்லை. ஆள் இல்லாத நேரத்தில் திறந்து பார்ப்பாள். எத்தனை முறை பார்த்தாள் என்று அவளுக்கே தெரியாது. பார்ப்பதால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்று தெரிந்தும் பார்த்தாள். அன்றைக்குப் பார்க்காமல் விட்டதற்கு அவள் தனக்குத் தானே போட்டுக்கொண்ட தண்டனை அது என்றுதான் நான் நினைக்கிறேன்.

தீர்ப்பு வந்த மூன்றாம் வாரம் கனகா கடைக்கு வந்தாள். பூக்கடைக்காரம்மா எட்டிப் பார்த்தாள், சண்டை வரும் என்று. ஏஞ்சல் எழுந்து நின்றாள். என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்வது என்று மனசைத் தயார் பண்ணிக்கொண்டாள்.

கனகா திட்டவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அன்னிக்கி டி.வி.ல ஒண்ணும் சரியா தெரியல. இங்க தெரியுமா?" என்றாள்.

"தெரியும்க்கா."

"போடு. பாக்கறேன்."

ஏஞ்சல் இருபத்தோராம் நிமிஷத்திலிருந்து போட்டாள். கலைச்செல்வன் உரக்கடைக்கு வெளியே வந்தார். கனகா ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்தாள். மாடு வந்தது, அவர் ஒதுங்கினார். "மாட்டக் கண்டா எப்பவும் ஒதுங்கிடுவாரு" என்று கனகா திரையைப் பார்த்தே சொன்னாள். மூட்டை தோள் மாறியது. நாலடி நடந்தார், நின்றுவிட்டார். கனகா விரலை நீட்டி அவர் கால் இருந்த இடத்தைத் தொட்டாள்.

"குடிச்சவன் நடையா இது?"

"இல்லக்கா. நேராத்தான் நடக்கறாரு. மூட்டைய மாத்தறப்ப ஒத்தக் கால்லதான் நிக்கறாரு, பாத்தியா? கொஞ்சங்கூட ஆடல. நான் நூறு வாட்டி பாத்துட்டேன். ஒரு வாட்டிகூட அவரு கால் பெசகல." ஏஞ்சல் இதைச் சொல்லும்போது அவளுக்கே அழுகை வந்தது. இவ்வளவு நாளில் கனகாவிடம் தலைநிமிர்ந்து சொல்ல அவளிடம் இருந்த ஒரே சேதி அது.

கனகா திரையிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தாள். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை.

"இத நீ கோர்ட்டுக்கு முன்னாடியே பாத்துட்டியா?"

"பாத்துட்டேன்க்கா."

"கூண்டுல நின்னியே, அப்ப இத சொல்லியிருக்கலாம் இல்ல? ஊரே வந்து குந்திக்கினு இருந்துதே. லாரிய நீ பாக்கல, சரி. இத பாத்த இல்ல?"

ஏஞ்சல் அன்றைக்குக் கூண்டில் நின்று தான் என்னென்ன சொன்னோம் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். என் தப்பு என்றாள். என்னால் போச்சு என்றாள். கலைச்செல்வனைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை.

"யாரும் கேக்கலக்கா" என்றாள் கடைசியில்.

"ஆமா, யாரும் கேக்கல" என்றாள் கனகா. "ஒனக்கு எதிர்லயே நான் குந்திக்கினு இருந்தேனேம்மா."